கை நனைக்காத சம்பந்தம்

அத்தியாயம் 17

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு என் மைத்துனன் ஸ்ரீபாலன் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, ஹாரனை இரண்டு முறை அடித்தான்.

"தெருவுக்கே சொல்லணுமா? உள்ள வந்து கூப்பிடு" என்றேன்.

"கோட்டை பாக்கத்தானே போறோம் மாமா? அதுக்கு ஹாரன் அடிக்கக் கூடாதா?" என்று சிரித்தான்.

கோட்டை பார்க்கத்தான் போகிறோம். யார் கேட்டாலும் அதுதான் பதில் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன். திண்டிவனத்திலிருந்து செஞ்சி முக்கால் மணி நேரம். இத்தனை வருஷத்தில் குடும்பத்தோடு ஒருமுறைகூடப் போனதில்லை. ஆகவே போகிறோம்.

சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. சென்ற வாரம் ஸ்ரீபாலன் கொண்டுவந்த செய்தி அது. மேல்சித்தாமூர் தரணேந்திரன் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் மகள் கலைப்பிரியாவின் பேச்சை எடுத்ததும், "அவங்களுக்குச் சம்மதம்னா வர்றேன்" என்றானாம். அவனிடம் போய்ப் பேசச் சொல்லி ஸ்ரீபாலனை அனுப்பியவள் என் மனைவி ராஜமதி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டிலிருந்து கலைப்பிரியாவைக் கேட்டு ஒரு தாம்பூலத் தட்டு வந்தது. நான் அதைத் தொடவில்லை. வைத்த இடத்திலிருந்தே எடுத்துப் போகச் சொன்னேன். தரணேந்திரனின் அக்கா கோயம்புத்தூரில் வேறு சாதிப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவள். எங்களைப் போன்ற நயினார், அதாவது தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இந்தச் சீமையில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கின்றன. ஒரு வீட்டில் நடப்பது மறுநாள் எல்லா வீட்டிலும் பேச்சு. அன்று நான் செய்தது சரி என்று என் உறவில் அத்தனை பேரும் சொன்னார்கள்.

அடுத்த வருஷமே பெங்களூரில் பெரிய வீடாகப் பார்த்து மகளைக் கொடுத்தேன். மூன்றே வருஷத்தில் அவள் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். விவாகரத்து முடிந்தபின் விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வருகிறாள். அன்று அத்தனை பேரும் சரி என்றார்களே, அவர்களில் ஒருவர்கூட அதற்குப் பிறகு ஒரு வரன் கொண்டுவரவில்லை.

மேல்சித்தாமூரார் இந்த முறை போட்ட நிபந்தனை ஒன்றுதான். "ஒரு தடவை அந்த வாசப்படி ஏறினோம். இன்னொரு தடவை ஏற மாட்டோம். பொதுவான இடமா சொல்லுங்க." நானும் அவர்கள் வாசலில் போய் நிற்பவன் இல்லை. அதனால்தான் செஞ்சிக் கோட்டை. நாலு மணி, கல்யாண மகால் அருகில், தற்செயலாகப் பார்த்துக்கொண்ட மாதிரி.

கலைப்பிரியா வேலைக்குக் கட்டிப்போகிற சாம்பல் நிறப் பருத்திப் புடவையில் வந்து காரில் ஏறினாள். ராஜமதி எடுத்து வைத்த பட்டுப் புடவை கட்டிலிலேயே கிடந்தது.

"ஏன்டி இப்படி?" என்றாள் ராஜமதி.

"கோட்டை பாக்கத்தானேம்மா போறோம்?" என்றாள் மகள்.

ஸ்ரீபாலன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ராஜமதியின் மடியில் நாலடுக்குத் தூக்கு இருந்தது. புளியோதரை, தயிர்சாதம், கேப்பை அடை, வேர்க்கடலை அரைத்த மல்லாட்டைத் துவையல். நாங்கள் பொழுது இறங்கியபின் சாப்பிடாதவர்கள். எங்கே போனாலும் சூரியன் இருக்கும்போதே சாப்பாட்டை முடித்துவிட வேண்டும்.

"ஒண்ணு சொல்லிடறேன்" என்றேன் கார் ஊரைத் தாண்டியதும். "நம்ம சாப்பாட்டை நாம சாப்பிடுவோம். அவங்க எதைக் கொடுத்தாலும் யாரும் கை நனைக்கக் கூடாது. பேசி முடிவாகாம கை நனைக்கிற வழக்கம் நம்ம வீட்டுல கிடையாது."

"அவங்க வீட்டுலயும் அதே வழக்கந்தான்" என்றாள் ராஜமதி. "அப்ப யாரு முதல்ல நனைக்கிறதாம்?"



*

கோட்டையில் நல்ல கூட்டம். வெளிமாநில வண்டிகள், பள்ளிக்கூடப் பேருந்துகள், இடுப்பில் ஒலிபெருக்கி மாட்டிய வழிகாட்டிகள். ராஜகிரி உச்சிக்கு ஏற விடும் நேரம் முடிந்துவிட்டது என்று காவலாளி சொல்லிக்கொண்டிருந்தார். அடிவாரத்தை மட்டும் சுற்றிப் பார்க்கலாம்.

நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவன் நான். ஒரு இடத்தைப் பார்த்தால் முதலில் எல்லைதான் கண்ணில் படும். இந்தக் கோட்டையைக் கட்டியவன் மூன்று மலைகளைச் சேர்த்து மதிலால் எல்லை போட்டிருக்கிறான். உள்ளே வர ஒரு வழி. அந்த வழியிலும் திருப்பம் மேல் திருப்பம். எனக்குப் பிடித்திருந்தது.

கல்யாண மகாலின் நடுக் கோபுரம் மாடி மாடியாக ஏறி உச்சியில் கூம்பி நிற்கிறது. சுற்றிலும் அறைகள், நடுவில் வற்றிய தொட்டி. நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அந்தத் தொட்டிக்கு மறுபுறத்தில் அவர்களைப் பார்த்தேன். தரணேந்திரனும் அவன் தாயார் சுநந்தா அம்மாளும்.

அவனுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது இருக்கும். காதோரம் நரை விழுந்திருந்தது. அறுவடை இயந்திரம் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவன் என்று ஸ்ரீபாலன் சொல்லியிருந்தான். கழுத்துக்குப் பின்னால் வெயில் கறுத்திருந்தது. அவன் எங்களைப் பார்த்தான். அவன் பார்வை கலைப்பிரியாவிடம் வந்து, பட்டதும் தெரியாமல் விலகி, கோபுரத்தின் உச்சிக்குப் போய்விட்டது. சுநந்தா அம்மாள் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இருவரும் வணங்கவில்லை.

தற்செயலாகப் பார்த்துக்கொள்வது என்றுதான் பேச்சு. யார் முதலில் "அடடே" என்று சொல்வது என்பதைப் பேசவில்லை. பெண் வீட்டுக்காரன் நான் சொன்னால் தாழ்ந்து போனேன். ஒரு முறை தட்டு திரும்பிய வீடு அவர்கள். அவர்கள் சொன்னாலும் தாழ்ந்து போனார்கள்.

ஆகவே கோட்டை பார்த்தோம்.

நாங்கள் நெற்களஞ்சியத்துக்குப் போனோம். அவர்களும் வந்தார்கள். இடைவெளி இருபதடி. உள்ளே யாரோ ஒரு குழந்தை கத்த, அந்தக் குரல் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. உடற்பயிற்சிக் கூடத்துக்கு அவர்கள் முன்னால் போனார்கள், நாங்கள் பின்னால். யானைக்குளத்தில் எதிரெதிர்ப் படிகளில் நின்று ஒரே தண்ணீரைப் பார்த்தோம். வேங்கடரமணர் கோயிலில், இங்கிருந்த தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோன கதையைத் தரணேந்திரன் தன் தாயாரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். தாயாருக்கு மட்டுமென்றால் அவ்வளவு சத்தம் தேவையில்லை. கலைப்பிரியா ஒரு தூணின் மறைவில், முகத்தைத் திருப்பாமல், கடைசி வார்த்தை வரை நின்று கேட்டாள்.

"மாமா, இது பேஜாரு" என்றான் ஸ்ரீபாலன் என் காதருகே. "ரெண்டு குடும்பமும் சுத்திக்கினே இருந்தா, வாட்ச்மேன் விசில் ஊதிடுவான். ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அவங்க சொல்லட்டும்."

"அவங்களும் அங்க இதையேதான் சொல்லிக்கினு இருப்பாங்க."

இருக்கலாம். ஆனால் என் நாக்கு எழாததற்குக் கௌரவம் மட்டுமே காரணம் இல்லை. தரணேந்திரனின் குரல் என் வாயை அடைத்துவிட்டது. பதினாறு அத்தியாயமாக நான் எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. இங்கே எழுதியே ஆக வேண்டும்.

தட்டைத் திருப்பி அனுப்பிய ஒன்பதாம் நாள், மாலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டு லேண்ட்லைன் அடித்தது. அப்போது கலைப்பிரியாவிடம் செல்போன் கிடையாது. வேலைக்குப் போய் வாங்கிக்கொள் என்பது என் கட்டளை. அவள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் எடுத்தேன். எடுத்தது யார் என்றுகூடக் கேட்காமல், மூச்சு வாங்குகிற அவசரத்தில் அவன் பேசிவிட்டான். அவளிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லிவிட்டான். மூன்றே வாக்கியம். பிறகுதான் "ஹலோ?" என்றான்.

"நான் அவ அப்பா பேசறேன். அவளுக்கே இதுல இஷ்டமில்ல. இனிமே இந்த நம்பருக்குப் போன் பண்ணாதே" என்றேன்.

அவன் பண்ணவில்லை. சொன்னால் கேட்கிற பையன். அந்த மூன்று வாக்கியமும் பதினோரு வருஷமாக என்னிடம் இருக்கின்றன.

*

"சார்! அப்பாண்டைராஜன் சார்!"

திரும்பினால் எங்கள் தெருவில் இரும்புக் கடை வைத்திருக்கும் பச்சைமுத்து. கையில் செல்போன், கழுத்தில் துண்டு, பின்னால் எட்டுப் பேர் கொண்ட குடும்பம். யார் கண்ணில் படக் கூடாது என்று செஞ்சியைத் தேர்ந்தெடுத்தேனோ அவரே.

"என்னா சார், நீங்ககூட ஊர் சுத்துவீங்களா? எப்பவும் வூட்டுலயே வெறைப்பா உட்கார்ந்துக்கினு இருப்பீங்களே!"

"கோட்டை பார்க்க வந்தோம்" என்றேன்.

"நல்லா பாருங்க சார். வாங்க, ஒரு போட்டோ எடுக்கறேன். பேக்ரவுண்டு சூப்பரா இருக்குது." அவர் பார்வை இருபதடி தள்ளி நின்ற இருவர் மேல் போயிற்று. "அவங்களும் உங்க கூட வந்தவங்கதானே? அப்பலேர்ந்து பாக்கறேன், உங்க பின்னாலயே வந்துக்கினு இருக்காங்க. அம்மா, வாங்கம்மா! ஜல்தி! வெளிச்சம் போவுது."

இல்லை என்றால் யார் என்று கேட்பார். ஆமாம் என்றால் நாளைக் காலைக்குள் தெரு முழுக்கப் போய்விடும். நான் வாயைத் திறக்குமுன் சுநந்தா அம்மாள் நடந்து வந்துவிட்டார். வந்தவர் என் முகத்தைப் பார்த்து, ஒரு நொடி நிறுத்தி, பச்சைமுத்துவிடம் சொன்னார்.

"ஒரே சனங்கதான். மேல்சித்தாமூரு."

அது பொய் இல்லை. என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை. அந்தப் பெருந்தன்மை எனக்குக் கசந்தது.

"இன்னும் கொஞ்சம் ஒட்டி நில்லுங்க. சார், சிரிங்க சார். போலீஸ் ஸ்டேஷன்ல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க. தம்பி, நீங்க அக்கா பக்கத்துல போங்க. என்னாப்பா நடுவுல ஒரு ஆள் நிக்கிற எடத்தை வுட்டு வச்சிருக்கீங்க?"

தரணேந்திரன் அரையடி நகர்ந்தான். கலைப்பிரியா நகரவில்லை. விலகவும் இல்லை. பச்சைமுத்து நாலு படம் எடுத்தார், என் எண்ணுக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டுத் தன் கூட்டத்தோடு போனார்.

காவலாளி விசில் ஊதினார்.

படத்துக்காக நின்ற இடத்திலேயே ஆறு பேரும் நின்றோம். முதலில் பேசியவள் ராஜமதி.

"திருநாதர் குன்று பக்கத்துலதான். இவ்வளவு தூரம் வந்துட்டுச் சாமியைப் பாக்காம போறதா? சாப்பாட்டையும் அங்க முடிச்சுக்கலாம்" என்றாள், பொதுவாக, மதிலைப் பார்த்து.

"நாங்களும் அங்கதான் போறோம்" என்றார் சுநந்தா அம்மாள், அவரும் மதிலைப் பார்த்து.

*

திருநாதர் குன்று செஞ்சிக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவில் தனியாக நிற்கிற பாறை. மேலே ஒரே பெரிய கல்லில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள், வரிசைக்குப் பன்னிரண்டு பேர். கோட்டையை எழுப்புவதற்குப் பல நூறு வருஷம் முன்பே அவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஐம்பத்தேழு நாள் உணவை விட்டு உயிர் நீத்த ஒரு முனிவரின் பெயர் பக்கத்துப் பாறையில் கல்வெட்டாக இருக்கிறது. கோட்டைக்கு வந்த கூட்டத்தில் ஒருவர்கூட இங்கே இல்லை.

நாங்கள் ஏறி முடிக்கும்போது ஐந்தே முக்கால். தை மாதச் சூரியன் ராஜகிரிக்கு மேல் இரண்டு பனை உயரத்தில் நின்றது. கும்பிட்டோம். என் மகள் கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள். நாலைந்து அடி தள்ளி அவனும் கண்ணை மூடி நின்றான். என்ன கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் தெய்வங்கள் கேட்டதைக் கொடுப்பவர்கள் அல்லர். ஆனாலும் மனிதர்கள் கேட்கிறார்கள்.

பிறகு பாறைமேல் இரண்டு இடத்தில் துண்டு விரித்தோம். எங்கள் தூக்கைத் திறந்தாள் ராஜமதி. ஆறடி தள்ளி சுநந்தா அம்மாள் தன் டப்பாக்களைத் திறந்தார். ஸ்ரீபாலன் நடுவில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றான்.

"கொஞ்சம் எடுத்துக்குங்க" என்று ராஜமதி ஒரு தட்டில் புளியோதரை வைத்து நீட்டினாள்.

"இருக்கட்டும்மா. எங்ககிட்டயே இருக்குது" என்றார் சுநந்தா அம்மாள். பிறகு தன் டப்பாவிலிருந்து இரண்டு அதிரசம் எடுத்து இலையில் வைத்து என் பக்கம் தள்ளினார். "நீங்க எடுத்துக்குங்க."

"வேண்டாம்."

"அன்னிக்குத் தட்டு. இன்னிக்கு எலை" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. "எங்க பெரிய பொண்ணு வெளிய போயிட்டான்னுதானே திருப்பி அனுப்புனீங்க? அவ இன்னிக்கும் புருஷனோட நல்லா இருக்கா. ரெண்டு புள்ளைங்க. பொங்கலுக்கு வந்துட்டுப் போனா."

"அம்மா" என்றான் தரணேந்திரன்.

"பேசிடறேன்டா. பதினோரு வருஷமா நெஞ்சிலயே வச்சிக்கினு இருக்கேன். என் புள்ளைக்கு எத்தனை எடம் வந்துச்சு தெரியுமாங்க? வந்தவாசில, ஆரணில, எல்லாம் நல்ல எடம். எதைக் காட்டுனாலும், 'அப்புறம் பாக்கலாம்மா.' எந்த அப்புறம்? இதுதான் அந்த அப்புறமா?"

எனக்குக் கோபம் வந்தது. எழுந்து போய்விடலாம் என்று கால்கள் சொல்லின. என் மகளின் வாழ்க்கையை, பெயர் சொல்லாமலே, அவர் அளந்துவிட்டார். அளவு சரியாகவும் இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

சூரியன் மலைமுகட்டைத் தொட்டது. யாரும் சாப்பிடவில்லை. சோற்றைத் திறந்து வைத்துக்கொண்டு பட்டினி இருக்கிற குடும்பங்களை அந்தப் பாறை அதற்கு முன் பார்த்திருக்காது.

"ஏங்க" என்றாள் ராஜமதி. அந்த ஒரு சொல்லில் முப்பத்தாறு வருஷம் இருந்தது.

நான் எழுந்தேன். ஆறடி நடந்தேன். சுநந்தா அம்மாளின் துண்டின் ஓரத்தில் உட்கார்ந்து, இலையில் இருந்த அதிரசத்தைப் பிட்டு வாயில் போட்டேன்.

வெல்லம் கொஞ்சம் கூடுதல். மென்று விழுங்கினேன்.

"நல்லா இருக்கு" என்றேன்.

சுநந்தா அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இன்னொண்ணு எடுத்துக்குங்கண்ணே" என்றார். பிறகு தாமே எழுந்து போய் ராஜமதியின் தட்டிலிருந்து ஒரு கவளம் புளியோதரை எடுத்துச் சாப்பிட்டார். ஸ்ரீபாலன் இரண்டு பக்கமும் கை நீட்டினான். "ஆச்சு மாமா! ஜல்தி சாப்பிடுங்க எல்லாரும், பொழுது போவுது!"

தரணேந்திரன் கேப்பை அடையில் ஒரு துண்டு எடுத்தார். கை நனைத்தபின் அவரை 'அவன்' என்று எழுத எனக்கு வரவில்லை. கலைப்பிரியாவும் இரண்டு வாய் சாப்பிட்டாள். சூரியன் போய்விட்டது. தண்ணீர்ப் பாட்டிலை மூடினோம்.

இத்துடன் முடிந்தது என்று நினைத்தேன். வருகிற மாசியோ பங்குனியோ நாள் பார்த்துவிடலாம், மண்டபம் கிடைக்குமா என்றுகூட யோசித்துவிட்டேன்.

*

கலைப்பிரியா புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தாள். நேராகப் போய்த் தரணேந்திரன் எதிரில் நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும். எல்லார் முன்னாடியும் கேட்டுடறேன்."

"கேளுங்க."

"தட்டைத் திருப்புனது எங்கப்பா. அது அவரு செஞ்சது. நீங்க என்ன செஞ்சீங்க?" பரிசோதனை முடிவைப் படித்துச் சொல்கிற குரல். "தேர்த் திருவிழாவுல வீட்டு நம்பரை நான்தானே எழுதிக் குடுத்தேன்? ஒரு போன் பண்ணியிருக்கலாம். எட்டு மாசம் அந்தப் போன் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். ராங் நம்பர் வந்தாக்கூட நான்தான் ஓடிப்போய் எடுப்பேன். எட்டு மாசம் கழிச்சு, பெங்களூருக்கு சரின்னு சொன்னேன்."

தரணேந்திரனின் முகத்தில் நிறம் மாறியதை நான் பார்த்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பதினோரு வருஷமாக அவளுக்கே இஷ்டமில்லை என்று நம்பியிருந்த மனிதர் அவர். அந்த நிமிஷத்தில், அந்தப் பாறைமேல், என்ன நடந்தது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"தைரியம் வரலைங்க" என்றார் அவர், அவளைப் பார்க்காமல். "தப்பு என்மேலதான்."

"சரி" என்றாள் கலைப்பிரியா.

அவள் திரும்பிவிட்டாள். துண்டை மடிக்கக் குனிந்தாள். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மண்டபமும் இல்லை, நாளும் இல்லை. பயந்து போன் செய்யாத ஒருவரை அவள் மறுபடி நம்பப் போவதில்லை.

என் மானம் காப்பாற்றப்பட்டுவிட்டது. இனி அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். அவர் பேச மாட்டார். நான் தலை நிமிர்ந்து படி இறங்கலாம்.

ஆனால் அந்த மானத்தை எனக்குக் கொடுத்தது அவர். நான் துரத்திய வீட்டுப் பையன், தன் ஆசையை விற்று எனக்கு வாங்கிக் கொடுத்தது. என் தகப்பனார் விட்டுப்போன பெயரை நான் யாருடைய தயவிலும் வைத்திருந்ததில்லை. பிச்சையாக வந்த கௌரவத்தை வைத்துக்கொண்டு எப்படி நிமிர்ந்து நடப்பது?

"கலை" என்றேன்.

அவள் நிமிரவில்லை.

"போன் வந்தது. தட்டு போன ஒன்பதாம் நாள். நீ மாடியில துணி எடுத்துக்கினு இருந்தே. நான்தான் எடுத்தேன். உனக்கே இஷ்டமில்லைன்னு நான்தான் சொன்னேன்."

ராஜமதியின் கையிலிருந்த தூக்கு மூடி பாறையில் விழுந்து உருண்டு, சரிவில் சத்தமிட்டுக்கொண்டே போயிற்று. யாரும் அதை எடுக்கப் போகவில்லை. சுநந்தா அம்மாள் மெல்ல உட்கார்ந்தார்.

கலைப்பிரியா எழுந்து நின்று என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நிற்கலாம் என்று தயாராக நின்றேன். அவள் எதுவும் செய்யவில்லை. நான் அங்கே இல்லாத மாதிரி என்னைத் தாண்டி அவரிடம் போனாள்.

"பேசினீங்களா?"

"ம்."

"என்ன சொன்னீங்க?"

"அதான்… அப்பா கேட்டாரே."

"அவரு கேட்டாரு. நான் கேக்கலையே."

அவர் தரையைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். நாலு பெரியவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றால் எந்த மனிதன் பேசுவான்?

"எல்லாரும் இறங்குங்க" என்றேன்.

"மாமா?" என்றான் ஸ்ரீபாலன்.

"இறங்குன்னேன்."

ராஜமதியின் கையைப் பிடித்துப் படியில் இறக்கினேன். பின்னால் ஸ்ரீபாலன் சுநந்தா அம்மாளைப் பிடித்துக்கொண்டு வந்தான். நாலாவது படியில் கால் வைத்தபோது மேலே அவர் குரல் தொடங்கியது. முதல் சொல் காதில் விழுந்தது. அதுவேதான். மறக்கவில்லை அவரும். அடுத்த சொல் காதில் விழாத தூரத்துக்கு, எழுபத்தொரு வயதுக் கால்கள் எவ்வளவு வேகமாகப் போகுமோ அவ்வளவு வேகமாக இறங்கினேன்.

கீழே வந்து காரில் சாய்ந்து நின்றேன். பெண்கள் இருவரும் பின் இருக்கையில் உட்கார்ந்தார்கள். பேசிக்கொள்ளவில்லை, ஆனால் ஒரே இருக்கை. வயல்பக்கம் தவளைகள் ஆரம்பித்தன. குன்றின் உச்சியில் இரண்டு உருவங்கள் தெரிந்தன. பிறகு கல் எது, ஆள் எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி மங்கிவிட்டது.

"மாமா, நல்லா இருட்டிக்கினு வருது" என்றான் ஸ்ரீபாலன். "ரெண்டு பேரும் தனியா மேல… யாராவது பாத்தா என்னா நெனைப்பாங்க?"

"பார்க்கட்டும்" என்றேன்.

அவன் என்னை உற்றுப் பார்த்தான். என் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவன் கேட்டதே இல்லை.

மூன்று வாக்கியம். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். சொல்லி அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

அவர்கள் இன்னும் இறங்கி வரவில்லை.